மலையேற்றக் குழுக்களுக்கு ஒரு கயிற்றுக்கடைக்காரரின் திறந்த மடல்

தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கமிருந்து மலைக்கு ஆள் திரட்டும் ஒருங்கிணைப்பாளர்களுக்கு, வணக்கம்.

கொல்லிமலை, பர்வதமலை என்று சனிக்கிழமை கிளம்பும் தம்பிகள், முந்தின ராத்திரி கடை சாத்துகிற நேரத்துக்கு வந்து நிற்கிறார்கள். "அண்ணே, மஞ்சள் கயிறு 30 மீட்டர் குடுங்க, ஆத்திர அவசரத்துக்கு." படகு கட்ட, பந்தல் இழுத்துக் கட்ட அருமையான கயிறுதான். தண்ணீரில் மிதக்கும், விலையும் குறைவு. ஆனால் அது பாலிப்ரொப்பிலீன், சுமார் 165 டிகிரியிலேயே உருகிவிடும். ஒரு துண்டை விறைப்பாகக் கட்டுங்கள். அதன்மேல் இன்னொரு துண்டைப் போட்டு, ஒரே இடத்தில் ரம்பம் இழுப்பதுபோல வேகமாக இழுங்கள். கட்டிய துண்டு இளகி அறுந்துவிடும். முனையைத் தொட்டால் கை சுடும். நைலானுக்கும் இதே கதிதான், கொஞ்சம் தாமதமாக. அதனால்தான் கயிறு கயிற்றின்மேல் ஓடாதபடி நடுவில் இரும்பு அல்லது அலுமினியக் கொக்கி (காரபைனர் என்கிற மூடும் வளையம்) போடுகிறார்கள். சாவிக்கொத்தில் தொங்கும் கொக்கி அதற்கு ஆகாது. மலைக் கொக்கியில் எத்தனை கிலோநியூட்டன் (இழுவிசையின் அளவு) தாங்கும் என்று பொறித்திருக்கும்.

மலையேறும் கயிறு வேறு ஜாதி. உள்ளே நைலான் இழை, மேலே பின்னிய உறை. ஆள் விழும்போது நீண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். நம் கடைக் கயிறு அறுந்துபோகாவிட்டாலும், அந்த அதிர்ச்சி முழுக்க உடம்புக்குத்தான். இடுப்பில் மட்டும் சுற்றிக்கொண்டு தொங்கினால் மூச்சு முட்டும், நிமிடக் கணக்கில் உயிருக்கே ஆபத்து. தட்டையான நைலான் பட்டையில் இடுப்புக்கும் தொடைக்கும் வளையம் போடத் தெரிந்தவர் ஒருவராவது குழுவில் இருக்கட்டும். அதுவும் வழியில் சிக்கிக்கொண்டால் இறங்கத்தான், சாகசம் காட்ட இல்லை.

ஆள் தலைக்கு ஒரு டீ-சர்ட் அடிக்கக் காசு பிரிக்கிறீர்கள். ஒரு தடவை அதை விட்டுவிட்டு, குழுவுக்குப் பொதுவாக ஒரு நல்ல கயிறும் நாலு கொக்கியும் வாங்கக் கூடாதா? கயிறு விற்கிறவனே சொல்கிறேன், அது என் கடையில் கிடைக்காது.

கையில் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. உயிர் தொங்காத இடத்தில் தாராளமாகச் செய்யலாம். எட்டு முழ வேட்டியைக் கிழித்தால் கைத்தொட்டிலும் கட்டுத்துணியும் ஆச்சு. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தால், மடக்காத நீளக் குடை அணையாக நிற்கும். பெரிய குப்பைப்பையில் முகத்துக்கு மட்டும் ஓட்டை போட்டால் மழைக்கோட்டு. நனைந்த உடம்பு காற்றில் விறைப்பது நம் சமவெளிக்காரர்களுக்குச் சட்டென்று உறைக்காது.

அப்புறம் உரச்சாக்கு. நம் ஊரில் அதற்கா பஞ்சம்? கிழியாத இரண்டு சாக்குகளின் அடிமூலைகளை வெட்டி, இரண்டு முற்றிய மூங்கிலை உள்ளே நுழைத்தால் தூக்குப்படுக்கை ரெடி. சாக்குகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். மூங்கில் மலையில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கிளம்புவதற்கு முன்னால், உங்களில் கனமானவரைப் படுக்கவைத்து வாய்க்கால் கரையோரம் 200 அடி தூக்கிப் பாருங்கள். எத்தனை பேர் தோள் மாற்ற வேண்டியிருக்கிறது என்று தெரிந்த பிறகு, குழுவுக்கு எத்தனை பேர் என்று முடிவு செய்யுங்கள்.