எக்சோசோம் ஊசிக்கு அனுமதி தந்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூட்டுத் தேய்மானத்தால் அவதிப்படும் என் அக்காவைச் சென்ற மாதம் ஒரு தனியார் சிகிச்சை மையத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். முழங்காலில் போடுவதற்கென்று உறைபெட்டியிலிருந்து எடுத்துக் காட்டிய சுண்டுவிரல் அளவுக் குப்பியில் ஒரு வணிகப் பெயரும் 'எக்சோசோம்' என்ற சொல்லும் மட்டுமே இருந்தன. எந்தச் செல்லிலிருந்து எடுத்தது, ஒரு மில்லிலிட்டரில் எத்தனை துகள்கள், உரிம எண் என்ன என்று கேட்டதற்கு, "வெளிநாட்டில் எல்லோரும் போட்டுக்கொள்கிறார்கள், அம்மா" என்பதே பதிலாகக் கிடைத்தது. பல ஆண்டுகள் மருத்துவ மாணவர்களுக்கு உயிர்வேதியியல் கற்பித்தவள் என்ற முறையில் என்னால் பேசாமல் இருக்க இயலவில்லை.

நம் உடலின் செல்கள் கொழுப்புப் படலத்தால் மூடிய நுண்பைகளை ஓயாமல் வெளியே விட்டுக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர் அளவுள்ளவையே எக்சோசோம்கள். 1967-இல் பீட்டர் உல்ஃப் என்ற ஆய்வாளர் இரத்தத் தட்டணுக்களிலிருந்து உதிரும் இத்தகைய துகள்களைத் 'தட்டணுத் தூசி' என்றே குறிப்பிட்டார். 1980-களில் கனடாவின் மான்ட்ரியாலில் ரோஸ் ஜான்ஸ்டோன் என்ற ஆய்வாளர் செம்மறியாட்டின் முதிராத சிவப்பணுக்களை ஆராய்ந்து, தமக்கு இனித் தேவைப்படாத புரதத்தை அவை இந்தப் பைகளில் கட்டி வெளியேற்றுவதைக் கண்டபோதும், இவை செல்லின் கழிவு என்ற எண்ணமே மேலோங்கியிருந்தது. பைகளுக்குள் இருக்கும் ஆர்.என்.ஏ. (மரபுக் குறிப்பைச் சுமக்கும் மூலக்கூறு) வேறொரு செல்லுக்குள் சென்று அங்கே புரதம் உருவாக வழிசெய்கிறது என்று 2007-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் ஆய்வாளர்கள் காட்டிய பிறகே, செல்லுக்குச் செல் செய்தி கொண்டுசெல்பவையாக இவற்றை உலகம் பார்க்கத் தொடங்கியது.

அந்தச் செய்தி நல்லதாகவே இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. புற்றுக்கட்டி வெளியிடும் எக்சோசோம்களின் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின் புரதங்களைப் பொறுத்து அவை நுரையீரலையோ கல்லீரலையோ சென்றடைந்து, பின்னால் வந்து குடியேறப்போகும் புற்றுச் செல்களுக்கு அந்த இடத்தை முன்கூட்டியே பண்படுத்துகின்றன என்று, நியூயார்க்கில் டேவிட் லைடன் குழுவினர் 2015-இல் எலிகளில் கண்டறிந்தனர். அதனால்தான், எந்தச் செல்லின் பை என்று தெரியாத குப்பி எனக்கு அச்சம் தருகிறது.

நோயறிதலில் இந்தத் துறை தரும் நம்பிக்கை உண்மையானது. புராஸ்டேட் சுரப்பிக்கான இரத்தச் சோதனையில் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவு மில்லிலிட்டருக்கு 2 முதல் 10 நானோகிராம் வரை காட்டும் 50 வயது கடந்த ஆண்களுக்குப் பயாப்சி தேவையா என்று முடிவெடுக்க, சிறுநீரிலுள்ள எக்சோசோம்களின் ஆர்.என்.ஏ.வை அளக்கும் பரிசோதனை அமெரிக்காவில் பயன்பாட்டில் உள்ளது. ஊசியால் திசுவைக் குத்தி எடுக்கும் வேதனையை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

சிகிச்சையோ இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. நெப்ராஸ்கா மாநிலத்தில் எக்சோசோம் என்று விற்கப்பட்ட தயாரிப்புகளைப் பெற்றவர்களுக்குக் கடுமையான பாதிப்புகள் ஏற்பட்டதையடுத்து, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019 டிசம்பரில் பொது எச்சரிக்கை விடுத்தது. எக்சோசோம் தயாரிப்பு எதற்கும் தான் அனுமதி வழங்கவில்லை என்பதையும் அப்போது தெளிவுபடுத்தியது. நம் நாட்டிலும் 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள், மருந்தாகப் பயன்படுத்தும் நோக்கில் ஸ்டெம் செல்லிலிருந்து (பிற வகைச் செல்களாக மாறவல்ல மூலச் செல்) பெறப்படும் பொருளைப் 'புதிய மருந்து' என்றே வரையறுக்கின்றன. அப்படியிருக்க, ஸ்டெம் செல்லிலிருந்து எடுத்தது என்று சொல்லி முழங்காலுக்கும் முகப்பொலிவுக்கும் முடி வளரவும் ஊசி போடுவோர், எந்த அனுமதியின் பேரில் போடுகிறார்கள் என்பதை எழுத்தில் காட்டியாக வேண்டும்.

மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்த மையங்களின் குப்பிகளையும் கொள்முதல் ரசீதுகளையும் ஆய்வு செய்ய வேண்டும். இச்சிகிச்சைக்கான விளம்பரங்களை வெளியிடும் முன் உரிமத்தின் நகலைக் கேட்டுப் பெறுமாறு தங்கள் நாளிதழையும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் பேராசிரியை,
மதுரை.