அக்காவுக்கு, ஒக்ஸ்போர்டிலிருந்து

அன்புள்ள அக்கா,

உங்கட கடிதம் நேற்றுக் கிடைத்தது. சின்னவனுக்குக் கண் மஞ்சளாகி நீல வெளிச்சத்தில் வைத்திருந்ததும், இரத்தத்தில் ஜி6பிடி என்கிற நொதியம் குறைவு என்று டொக்டர் சொன்னதும் ஒரு பக்கம், தாய்வழியால் வந்த வியாதி என்று உங்கட மாமி சொன்னதில் உங்களுக்குச் சோறு இறங்கவில்லை என்று தங்கச்சி சொன்னது மறுபக்கம். அதுதான் உடனே எழுதுகிறேன்.

தாய்வழியால் வருவது உண்மைதான் அக்கா. எங்கட ஊரில் குடி, அதுதான் வம்சம், தாய்வழியாக வருகிற மாதிரித்தான் இதுவும். அந்தப் பரம்பரையலகு எக்ஸ் குரோமோசோம் என்கிற நிறமூர்த்தத்தில் இருக்கிறது. ஆண்பிள்ளைக்கு ஒரு எக்ஸ்தான், அதைத் தருவது தாய். அம்மாவிடமிருந்து உங்களுக்கு, உங்களிடமிருந்து அவனுக்கு. உங்களிடம் இன்னொரு எக்ஸ் இருப்பதால் உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பெரிய மாமா படுவான்கரை வயலில் மலேரியா பிடித்துக் குளிசை குடித்த பிறகு சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போய், செய்வினை என்று பரிகாரியைக் கூட்டி வந்தார்களே, அது செய்வினை இல்லை. பிரைமாகுயின் குளிசையாகத்தான் இருக்க வேண்டும். 1956ல் அமெரிக்காவில் சிறைக்கைதிகளிடம் அந்த மருந்தைச் சோதித்தபோதுதான் இந்த நொதியக் குறைவையே கண்டுபிடித்தார்கள். நொதியம் குறைந்தால் சில மருந்துகளைச் செங்குழியம் தாங்காமல் உடைந்துவிடும்.

நான் இங்கே ஆய்வுகூடத்தில் பார்ப்பதும் இந்தக் குறைவைச் சோதிக்கிற வேலைதான். ஒரு சொட்டு இரத்தத்தைக் கரைசலில் கலந்து வடிதாளில் வைத்து, புறஊதா வெளிச்சத்தில் பிடித்தால், நொதியம் உள்ள புள்ளி நீலமாக ஒளிரும், இல்லாதது இருண்டு கிடக்கும். போன மாதம் என்னுடையதையும் வைத்தேன். இருண்டுதான் கிடந்தது. கல்லடிக் கடலிலும் வாவியிலும் விழுந்து எழும்பி வளர்ந்தவன் நான், எனக்கு என்ன குறை? சின்னவனும் அப்படித்தான் வளருவான்.

மேல்வீட்டில் சார்டினியாத் தீவு அம்மா ஒருவர் இருக்கிறார். சந்தையில் ஃபாவா அவரையைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுவார், சின்ன வயதில் அவருடைய தம்பி அதைத் தின்றுதான் சாகக் கிடந்தாராம். அவர்களுக்கும் இதே குறைவு, அங்கேயும் ஒருகாலம் மலேரியா. இந்தக் குறைவு உள்ளவர்களுக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு இருந்தது, அதனால்தான் உலகில் 40 கோடிப் பேருக்கு மேல் இது இருக்கிறது. இலங்கையில் மலேரியா ஒழிந்தது என்று 2016ல் அறிவித்துவிட்டார்கள், இரத்தத்தில் இருப்பது எப்படிப் போகும்? மாமிக்கு இதை ஆறுதலாகச் சொல்லுங்க.

அந்த அம்மா ஞாயிறுகளில் சூப் கொண்டு தருவார், எனக்குச் சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஆனால் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது அக்கா. கீரிமீன் சொதி மணத்தை நினைத்தால் கண் கலங்குகிறது. வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திக்கு வர முடியாது போலிருக்கு, டிக்கெட் ஒன்றும் பிரச்சினையில்லை, லீவுதான்.

அம்மாவின் அலுமாரியில் சேலைக்கு நடுவே கிடக்கிற பூச்சி உருண்டைகளை இன்றைக்கே எடுத்து எறியுங்க. அதுவும் மாமாவின் குளிசை மாதிரித்தான், அந்த மணம் பட்ட துணி பிள்ளையில் படவே கூடாது. எந்த டொக்டரிடம் போனாலும் வாயைத் திறந்தவுடன் ஜி6பிடி என்று சொல்லுங்க, கிளினிக் கொப்பியின் முன்பக்கத்திலும் எழுதி வையுங்க. மறுகா எப்போதாவது கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால், அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. எங்கட பருப்பு, பயற்றங்காய் எல்லாம் அவன் வளர்ந்த பிறகு தாராளமாகக் கொடுக்கலாம். தங்கச்சியும் ஒருமுறை இரத்தம் பார்க்கட்டும், அவளுக்கும் நாளைக்குப் பிள்ளை பிறக்கும்.

அவளுடைய வீட்டுக்கு ஓடு போட மேசன் கேட்ட காசு இந்த மாதம் கொஞ்சம் பிந்தும், வங்கிக் கணக்கு மாற்றுகிறேன், வேறொன்றுமில்லை. அதுவரை பெரிய மாமாவிடம் வயல் குத்தகைக் காசை வாங்கச் சொல்லுங்க. வேளாண்மை வெட்டுக்கு முன் கூரை ஏறினால்தான் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்த வாக்கு நிற்கும். ஓடு எத்தனை வேண்டும், வளைக்கு என்ன மரம் என்று அத்தான் மேசனிடம் கேட்டு எழுதட்டும்.

அன்புத் தம்பி