நம் முருகன் பாடல்களுக்கு வர வேண்டிய ராயல்டி

சென்னை, வடபழனி

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று தங்கள் கடிதத்தால் அறிந்து நிம்மதி அடைந்தேன். தொண்ணூறுகளில் தாங்கள் எழுத, நான் இசையமைக்க, நாம் கேசட்டுக்காகச் செய்த முருகன் பாடல்கள் இப்போது கைப்பேசிச் செயலிகளில் ஒலிக்கின்றனவே, அதற்கு நமக்கு ஏதும் வர வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். வர வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

அன்று கேசட் நிறுவனத்திடம் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு முத்திரைத்தாளில் கையெழுத்திட்டதோடு எல்லாம் தீர்ந்தது என்றுதான் நாம் இருந்தோம். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தம் அப்படிச் சொல்லவில்லை. திரைப்படத்தைச் சேராத ஒலிப்பதிவானாலும், எழுதியவரும் இசையமைத்தவரும் உரிமையை எழுதிக்கொடுத்துவிட்டிருந்தாலும், அதன் பயன்பாட்டால் வரும் ராயல்டியில் சமபங்கு கேட்கும் உரிமை அவர்களிடமே இருக்கும் என்கிறது 19-ஆம் பிரிவு. ஒப்பந்தம் எழுதியபோது வழக்கத்தில் இல்லாத ஊடகம், தனியாகக் குறிப்பிடப்பட்டால் ஒழிய, அதில் அடங்காது என்று 18-ஆம் பிரிவிலும் சேர்த்திருக்கிறார்கள். நம் கையெழுத்து திருத்தத்துக்கு முந்தையது என்பதை எதிர்த்தரப்பு நிச்சயம் கிளப்பும். அதை வழக்கறிஞரிடம் விட்டுவிடுவோம்.

அதற்கும் முன்பாகப் பார்க்க வேண்டியது, செயலியில் நம் பெயர் இருக்கிறதா என்பது. பேத்தியை அருகில் வைத்துக்கொண்டு தேடினேன். பாடகியின் பெயர் இருக்கிறது, நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. இசை என்ற இடம் காலி. பாடலாசிரியர் என்ற இடத்தில் 'மரபுப் பாடல்' என்று போட்டிருக்கிறார்கள். உயிரோடு இருக்கும்போதே தங்களைச் சித்தர்கள் வரிசையில் சேர்த்துவிட்டார்கள், வாழ்த்துகள்! தம் பாடல்களின் உரிமைக்காக இளையராஜா நடத்தும் வழக்குகள் உயர் நீதிமன்றத்துக்கு வரும் நாள்களில் இங்கே ஆளுக்கொரு கட்சி பேசுகிறார்கள். அவருக்குப் பெயர் விடுபட்டுப்போகும் கவலையாவது இல்லை.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை அன்று. செயலி நிறுவனம் தன் பங்கு போக மீதி வருவாயைப் பாடல்கள் கேட்கப்பட்ட விகிதத்தில் பிரிக்கிறது. அதில் பெரும்பங்கு ஒலிப்பதிவின் உரிமையாளருக்குப் போகிறது. எழுத்துக்கும் இசைக்கும் உரிய சிறுபங்கு பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். போன்ற சங்கத்தின் வழியாக நம்மைப் போன்றவர்களுக்கு வர வேண்டும். மரபுப் பாடல் என்று பதிந்துவிட்டால், அந்தச் சிறுபங்கைக் கேட்க ஆளே இல்லை என்றாகிவிடுகிறது. உரியவர் யாரென்று பொருத்திப் பார்க்க முடியாமல் தேங்கிக் கிடந்த பணமாக மட்டும் 42 கோடி டாலருக்கு மேல், அமெரிக்காவில் இதுபோன்ற ராயல்டியை வசூலித்துப் பிரித்துத் தரும் எம்.எல்.சி. என்ற அமைப்பிடம் செயலி நிறுவனங்கள் 2021-இல் ஒப்படைத்தன என்றால், பெயர்ப் பதிவு எவ்வளவு பெரிய காரியம் என்று பாருங்கள்.

நமக்குப் பெருந்தொகை வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்கு ஒலிப்பதிவுப் பங்கையே ஸ்பாட்டிஃபை என்ற பாட்டுச் செயலி 2024 முதல் தருவதில்லை. கந்த சஷ்டியும் தைப்பூசமும் நம்மை அந்த வரம்புக்கு மேலே கொண்டுபோய்விடும் என்று நம்புகிறேன்.

எனக்கு உறுத்தலாக இருப்பது வாத்தியக்காரர்களின் நிலை. கால்ஷீட் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போனவர்கள் அவர்கள். பாடுபவர், வாசிப்பவர் போன்ற நிகழ்த்துநருக்கும் ராயல்டி உண்டு என்று 38ஏ பிரிவு சொல்கிறது; அதை வசூலிக்கப் பாடகர்கள் 2013-இலேயே இஸ்ரா என்ற சங்கத்தைப் பதிவு செய்துகொண்டார்கள். நமக்குத் தவில் வாசித்தவர் பெயரோ கேசட் அட்டையில்கூட அச்சாகவில்லை.

ஆகவே, தங்களிடம் உள்ள கேசட் அட்டைகளையும் பாட்டு நோட்டையும் நகல் எடுத்து அனுப்புங்கள். அசல் தங்களிடமே இருக்கட்டும். ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் சேர்வதற்கான விண்ணப்பத்தை நான் நிரப்பி அனுப்புகிறேன், கையெழுத்திட்டால் போதும். கேசட் நிறுவனம் இப்போது வேறு கைக்கு மாறிவிட்டது. புதியவர்களுக்குப் பெயரைத் திருத்தச் சொல்லி முதலில் கடிதம் போடுவோம், அசையாவிட்டால் வக்கீல் நோட்டீஸ் விடுவோம். தவில்காரரின் மகன் தங்கள் ஊர்ப் பக்கம்தான் குடியிருப்பதாகக் கேள்வி. முகவரி கிடைத்தால் தெரிவியுங்கள். அந்தக் கடிதத்தில் அவர் தந்தையின் பெயரையும் சேர்க்க வேண்டும்.

தங்கள் அன்புள்ள நண்பன்