எங்கள் தெருவின் சேமிப்பும் கடனும்: மாநில வங்கியாளர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாநில அளவிலான வங்கியாளர் குழுவின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு தெருவில் மகளிர் சுய உதவிக் குழு ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறவள். தையல் வேலையும் உண்டு. உங்கள் வங்கிகள் சார்பில் எங்கள் பகுதியில் அவ்வப்போது நிதி விழிப்புணர்வு முகாம் நடக்கிறது. ஷாமியானா, மைக், ஒரு பேனர், கடைசியில் டீயும் சமோசாவும். பேச வருகிறவர்கள் நல்ல மனிதர்கள்தான். ஆனால் அவர்கள் சொல்வது எப்போதும் இரண்டே விஷயம்: சேமிக்கப் பழகுங்கள், கந்து வட்டிக்குப் போகாதீர்கள். கேட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். அப்புறம் எழுந்துபோய் சீட்டுப் பணத்தைக் கட்டிவிட்டு, தண்டல்காரர் வரும் நேரமாயிற்றே என்று வாசலில் உட்காருவார்கள். ஏன் இப்படி என்று உங்களில் யாராவது கேட்பார்கள் என்று பார்த்தேன். யாரும் கேட்கவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

முதலில் சேமிப்பு. எங்கள் தெருவில் சேமிக்காத வீடு கிடையாது. ஏலச் சீட்டு, குலுக்கல் சீட்டு, தீபாவளி பண்டு, நகைக்கடைச் சீட்டு, குழுச் சந்தா, அரிசி டப்பாவுக்குள் புருஷனுக்குத் தெரியாத சிறுவாடு என்று ஒரே பெண் நாலைந்து இடத்தில் போடுவாள். நாட்டின் குடும்பங்களுடைய நிகர நிதிச் சேமிப்பு 2022-23-ல் மொத்த உற்பத்தியில் 5 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிட்டது என்று செய்தி வந்தபோது, மக்களுக்குச் சிக்கனம் போய்விட்டது என்று டிவியில் பேசினார்கள். அந்தக் கணக்கில் வங்கி வைப்பு வரும், காப்பீடு வரும், வருங்கால வைப்பு நிதி வரும், வாங்கிய கடன் கழியும். பக்கத்து வீட்டு அக்கா நடத்தும் சீட்டு அதில் எங்கே வரும்? தங்கமும் வராது. எங்களிடம் பணம் தங்குகிற இடங்களெல்லாம் உங்கள் பேரேட்டுக்கு வெளியே இருக்கின்றன.

ஏன் வெளியே இருக்கின்றன என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம், தண்டல்காரரைப் பார்த்தாலே போதும். மீன் விற்கும் பெண் ஒருத்தியின் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். விடியும் முன் துறைமுகத்தில் ஏலம். கையில் ரொக்கம் இருந்தால்தான் கூடை எடுக்க முடியும். மத்தியானத்துக்குள் மீன் விற்றாக வேண்டும், ஐஸுக்கும் ஆட்டோவுக்கும் போக மிஞ்சுவதுதான் அவளுடையது. மூன்று மணிக்கு எக்ஸ்எல் வண்டியில் தண்டல்காரர் வருவார். மீன் விற்றுவிட்டது, பணம் இன்னும் செலவாகவில்லை என்ற அந்த இடைவெளி அவருக்குத் துல்லியமாகத் தெரியும். நூறு ரூபாயை வாங்கி, சின்ன அட்டையில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போய்விடுவார். உட்காருவதுகூட இல்லை.

அவர் தரும் கடன் இதுதான். பத்தாயிரம் என்று எழுதி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார். நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். தினமும் கட்டக் கட்ட அசல் குறைவதையும் சேர்த்து ஆண்டு வட்டிக்கு மாற்றினால் 120 சதவீதத்தை ஒட்டி வருகிறது. ஏறக்குறைய பத்து வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய். 2003-ல் வந்த அதீத வட்டி தடைச் சட்டம் தின வட்டி, மணி நேர வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே இதையெல்லாம் குற்றம் என்கிறது. வாங்குகிறவளுக்கும் அது கொள்ளை என்று தெரியும். வட்டிக் கணக்கு போடத் தெரியாமல் அவள் வாங்குவதாக நீங்கள் நினைத்தால், ஏலத்தில் அவள் கூடைக்கு விலை சொல்லும் வேகத்தை ஒரு நாள் வந்து பாருங்கள்.

அவள் வட்டியை மட்டும் பார்ப்பதில்லை. ஐயாயிரம் கடனுக்கு வங்கிக்குப் போனால் ஒரு நாள் வியாபாரம் போகும். மறுநாளும் வரச் சொல்வார்கள், ஏதோ ஒரு காகிதம் குறையும். அந்த இரண்டு நாள் வருமானமும் அவள் கணக்கில் வட்டிதான். அதோடு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். அது முடிவதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும். கட்டணம், சீருடை, நோட்டு எல்லாம் வருமானமே இல்லாத நேரத்தில்தான் வந்து நிற்கும். தண்டல்காரர் அந்த நாட்களில் அட்டையைப் பையில் வைத்துவிட்டு, ‘சரி, படகு போகட்டும்மா’ என்பார். சும்மா சொல்ல மாட்டார், அதற்கும் சேர்த்துத்தான் வாங்குவார். ஆனால் தவணையைத் தள்ளிக் கட்டலாம் என்ற வசதி அவரிடம் இருக்கிறது. உங்கள் தவணைத் தேதிக்குக் கடலும் தெரியாது, ஆடி மாதமும் தெரியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், வீடு தேடி வந்து தினமும் வசூலிப்பதை ஒரு காலத்தில் வங்கியே செய்தது. சிண்டிகேட் வங்கி 1928-ல் தொடங்கிய பிக்மி டெபாசிட் அதுதானே. முகவர் வாசலுக்கு வந்து சில்லறையை வாங்கி எழுதிக்கொண்டு போவார். அந்த வங்கி 2020-ல் கனரா வங்கியோடு சேர்ந்துவிட்டது. இன்று அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் நூறு ரூபாய் போட்டால்கூட 6.7 சதவீதம் வட்டி உண்டு, நல்ல திட்டம்தான். ஆனால் தினக்கூலி வாங்குகிறவள் கையில் பணம் மாதக் கடைசி வரை தங்காது. தீபாவளி பண்டில் வட்டி என்று பெரிதாக ஒன்றும் வராது. எவர்சில்வர் பாத்திரமும் பட்டாசுப் பெட்டியும் அரைக் கிராம் காசும் தருவார்கள், கணக்குப் பார்த்தால் நட்டமாகக்கூட இருக்கலாம். அப்படியும் ஏன் சேருகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை காலை ஒருத்தி வந்து கதவைத் தட்டுகிறாள், கட்டாவிட்டால் தெருவே கேட்கும். வீட்டில் யார் கேட்டாலும் ‘பண்டுல கட்டிட்டேன்’ என்று சொல்லித் தப்பிக்கவும் முடியும். புருஷன், தம்பி, நாத்தனார் என்று கை நீளும் வீட்டில், எடுக்க முடியாத பணம்தான் சேமிப்பு. ஏடிஎம் அட்டையைக் கையில் கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று முகாமில் பெருமையாகச் சொல்கிறீர்கள். எங்கள் பெண்கள் பயப்படுவதே அதற்குத்தான்.

இனி நகைக் கடன். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். ஒரு குடும்பத்திடம் நாலு சவரன் சங்கிலி இருக்கிறது என்று வையுங்கள். ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்கு அது வங்கிக்குப் போகும், தை மாதம் கல்யாணத்துக்குத் திரும்பி வரும், மறுபடி போகும். சேமிப்பும் கடனும் எங்களுக்கு ஒரே பொருள்தான். வாங்கும்போது சேமிப்பு, அடகு வைக்கும்போது கடன். நகைக் கடனில் ஆண்டு முடிந்தால் முன்பெல்லாம் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்போம். அப்புறம் அசலும் வட்டியும் முழுதாகக் கட்டி, நகையை மீட்டு, மறுநாள்தான் திரும்ப வைக்க முடியும் என்று கிளைகளில் சொல்லத் தொடங்கினார்கள். இரண்டு லட்சம் கடன், ஒன்பது சதவீத வட்டி என்றால் ஒரே நாளில் 2,18,000 ரூபாய் புரட்ட வேண்டும். அவ்வளவு பணம் கையில் இருக்கிறவள் நகையை ஏன் அடகு வைக்கப் போகிறாள்?

அதற்கும் ஆள் வந்துவிட்டார்கள். கிளை வாசலிலிருந்து நாலு கடை தள்ளி நிற்பார்கள். காலையில் பணத்தைக் கட்டி நகையை மீட்டுத் தருவார்கள், மறுநாள் திரும்ப வைத்துக் கடன் வந்ததும் தங்கள் பணத்தை எடுத்துக்கொள்வார்கள். இந்த ஒரு நாள் கைமாற்றுக்கு எங்கள் பக்கம் லட்சத்துக்கு ஆயிரம் கேட்டார்கள், சில நாள் அதற்கும் மேல். நாளுக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் என்றால் ஆண்டுக்கு 365 சதவீதம். எங்கள் குழுவில் ஒருவர் போன ஜூனில் இப்படித்தான் தன் சங்கிலியைத் திருப்பி வைத்தார். கிளையில் மறுநாள் நகையை எடை போட்டு விலை சொல்லும் மதிப்பீட்டாளர் வரவில்லை. அதனால் ஒரு நாள் கைமாற்று மூன்று நாளாயிற்று. அந்த மூன்று நாளும் பணம் கொடுத்தவர் அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில், சங்கிலி இருக்கும் பையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கந்து வட்டிக்குப் போகாதீர்கள் என்று மைக்கில் சொன்னதும் வங்கிதான், எங்களை அங்கே அனுப்பியதும் வங்கிதான்.

ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் நகைக் கடனுக்கான வரைவு விதிகளை வெளியிட்டபோது இங்கே பெரிய எதிர்ப்பு எழுந்தது, முதலமைச்சரும் ஒன்றிய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். ஜூனில் வந்த இறுதி விதிகளில் இரண்டரை லட்சம் வரையான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்றார்கள். சேர்ந்த வட்டியைக் கட்டினால் புதுப்பிக்கலாம் என்பதற்கும் அதில் இடம் இருக்கிறது. 2026 ஏப்ரல் 1-க்குள் வங்கிகள் இதற்கு மாறிவிட வேண்டும் என்பது உத்தரவு. உத்தரவு வருவதும் கிளை கவுன்டரில் அது நடப்பதும் வேறு வேறு. ‘எங்க சிஸ்டத்துல அப்படி இல்லம்மா’ என்ற ஒரு பதிலில் எத்தனையோ விதிகள் காணாமல் போவதைப் பார்த்திருக்கிறோம். புதுப்பித்தல் விதி என்ன என்பதைத் தமிழில் எழுதி ஒவ்வொரு கிளையிலும் மதிப்பீட்டாளர் மேசைக்கு மேலே ஒட்டச் சொல்லுங்கள்.

நுண்கடன் நிறுவனங்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, அதற்குத் தனியாக ஒரு மடல் வேண்டும். 2022 விதிப்படி ஒரு குடும்பத்தின் மொத்தத் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அந்த வருமானத்தை யார் எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று ஒரு வாரம் கூடவே போய்ப் பாருங்கள். தவணை தவறினால் குழுவே சேர்ந்து கட்ட வேண்டும் என்ற நெருக்கடியில் பல வருடச் சிநேகம் முறிகிறது, அவ்வளவுதான் இங்கே சொல்வேன்.

நம்பிக்கை என்று ஒன்று இருக்கிறது. இந்த ஊருக்குப் பணம் பறிகொடுத்த நினைவு நீளமானது. 1906-ல் ஆர்பத்நாட் என்ற தனியார் வங்கி நிறுவனம் திவாலாகி எத்தனையோ பேருடைய சேமிப்பு கரைந்தது. அதற்கு அடுத்த ஆண்டே வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று இந்தியன் வங்கியைத் தொடங்க வைத்தார். 1990-களில் பைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாகக் கதவைச் சாத்திய பிறகு, 1997-ல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பின்னும் அதிக வட்டி ஆசை காட்டி ஏமாற்றுகிறவர்கள் ஓயவில்லை. எங்கள் பெண்களின் நியாயம் இது: சீட்டுக்காரம்மா ஓடினால் அவள் அம்மா வீடு எங்கே என்று தெரியும், கம்பெனி ஓடினால் பேனரைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். சீட்டும் முழுகத்தான் செய்கிறது, நான் மறுக்கவில்லை. 1982 சட்டப்படி பதிவு செய்த சீட்டுதானா என்று கேட்கும் வழக்கமே எங்கள் தெருவில் இல்லை. முகாமில் அதைச் சொல்லுங்கள். வங்கி வைப்புக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு என்பதையும் சொல்லுங்கள். நான் கேட்ட எந்த முகாமிலும் இந்த இரண்டும் வந்ததில்லை.

நம்பிக்கையைக் கெடுத்துக்கொள்வதில் வங்கிகளும் சளைத்தவை இல்லை. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கி ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் கணக்கில் ஆயிரம் ரூபாய் விழுந்தது. பலருக்கு அது தங்கள் பெயருக்கே வந்த முதல் பணம். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் அதிலும் பிடித்துக்கொள்ள, மாநில நிதியமைச்சரே கண்டிக்க வேண்டிவந்தது. எங்கள் குழுவிலும் இரண்டு பேருக்குப் பணம் போயிற்று. இன்றுவரை அவர்கள் தொகை வந்த அன்றே மொத்தத்தையும் எடுத்துவிடுகிறார்கள். இந்தியன் வங்கி 2025 ஜூலையில் அந்த அபராதத்தையே கைவிட்டது, நல்லது. மிச்சமிருக்கும் வங்கிகளையும் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் கடன்-வைப்பு விகிதம் நூறு சதவீதத்துக்கு மேல், அதாவது வாங்கிய வைப்பைவிடக் கொடுத்த கடன் அதிகம் என்று உங்கள் கூட்டங்களில் பெருமைப்படுகிறீர்கள். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் யாருக்கு எவ்வளவு என்பது சராசரியில் தெரியாது. எங்களுக்கு வேண்டியது பெரிய தொகை இல்லை. கடலும் கூலியும் போகும் போக்குக்கு முன்னும் பின்னும் நகரும் தவணை வேண்டும். வாரம் மூன்று நாளாவது மத்தியானம் மூன்று மணிக்குத் தெருவுக்கு வரும் வணிகத் தொடர்பாளர், அதாவது வங்கியின் முகவர் ஒருவர் வேண்டும். அவர் கையில் சிறு வைப்பு வாங்கும் கருவி இருக்கட்டும், ஐந்தாயிரம், பத்தாயிரம் கடனை அங்கேயே பதிந்து தரும் அதிகாரமும் இருக்கட்டும். சாலையோர வியாபாரிகளுக்கான ஒன்றிய அரசின் ஸ்வநிதி கடன் பத்தாயிரத்தில்தானே தொடங்கியது. அது வந்து சேரும் வழியைத்தான் சீராக்கச் சொல்கிறேன். அந்தத் தொடர்பாளருக்குக் கொடுக்கும் கமிஷன் அவர் பெட்ரோலுக்காவது கட்டுபடியாக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் மாதமே வர மாட்டார்.

இன்னொன்று. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடும் உங்கள் கூட்டத்துக்கு ஒவ்வொரு வங்கியும் ஏகப்பட்ட அட்டவணைகளைக் கொண்டுவருகிறது. அடுத்த முறை ஒரே ஒரு பத்தியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: முழுதாகக் கட்டி மூடிய நகைக் கடன்களில், அதே ஆள் அதே நகையை மூன்று நாளுக்குள் திரும்ப வைத்தவை எத்தனை? எந்தக் கிளையில் எத்தனை? தேதி, எடை, பெயர் எல்லாம் உங்கள் கணினியிலேயே இருக்கின்றன. அந்த ஒவ்வொரு கணக்குக்கும் நடுவே யாருடைய பணம் வந்துபோனது என்பதை நாங்கள் சொல்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு சுய உதவிக் குழுவின் கணக்காளர்,
காசிமேடு, சென்னை