புறத்தோன்றி: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள வேலாயுதத்திற்கு,

வணக்கம். உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. பேத்தி பிறந்த செய்தியைப் படித்து வீடே மகிழ்ந்தது. நீ மொழிபெயர்க்கும் மருத்துவ நூலில் 'எக்ஸோஜீனஸ்' என்று வரும் இடமெல்லாம் 'அயல்' என்று போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். போடாதே என்பதே என் கருத்து.

கிரேக்க மொழியில் 'எக்ஸோ' என்றால் வெளியே. பின்னால் ஒட்டியிருப்பது பிறப்பைக் குறிக்கும் வேர். ஆகவே அந்தச் சொல் ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பதை மட்டுமே சொல்கிறதே தவிர, அது உடலுக்கு உறவா பகையா என்பதைச் சொல்வதில்லை. என்னையே எடுத்துக்கொள். தினமும் இரு வேளை வயிற்றில் நான் குத்திக்கொள்ளும் மனித இன்சுலின், ஏதோ ஒரு தொழிற்சாலைத் தொட்டியில் நுண்ணுயிர்கள் செய்து தந்தது. ஆனாலும் என் கணையம் சுரக்கும் இன்சுலினுக்கும் அதற்கும் மூலக்கூறு அளவில் வேறுபாடு கிடையாது. அதை 'அயல் இன்சுலின்' என்றால், படிப்பவர் பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுத்ததாக நினைத்துக்கொள்வார்.

வேறுபாடே இல்லாத இரண்டைப் பிரித்தறிவது எப்படி என்று நீ கேட்பாய். கணையம் முதலில் புரோஇன்சுலின் என்ற நீண்ட சங்கிலியைச் செய்து, பிறகு அதை வெட்டுகிறது. இன்சுலினும் சி-பெப்டைடு என்ற துண்டும் சம எண்ணிக்கையில் இரத்தத்தில் இறங்குகின்றன. ஊசி மருந்தில் அந்தத் துண்டு இருப்பதில்லை. ஆகவே சர்க்கரை தாழ்ந்து மயங்கிக் கிடப்பவரின் இரத்தத்தில் இன்சுலின் ஏறியும் சி-பெப்டைடு இறங்கியும் இருந்தால், அந்த இன்சுலின் வெளியிலிருந்து வந்தது என்று மருத்துவர் ஐயுறுவார். போன மாதம் எனக்கும் அந்தச் சோதனை செய்தார்கள். என் கணையம் இன்னும் கொஞ்சம் உழைக்கிறது என்று தெரிந்ததில் ஓர் அற்ப மகிழ்ச்சி.

நம் தாவரவியலில் இதே சொல் வேறு பொருளில் நிற்பதையும் நீ மறந்திருக்க மாட்டாய். ஆய்வகத்தில் அவரை வேரைப் பிளேடால் மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? பக்கவேர் உள்ளே பெரிசைக்கிள் என்ற உள்ளடுக்கில் முளைத்து, அதைச் சூழ்ந்த புறணித் திசுவைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தது. அதனால் அது அகத்தோன்றி. தண்டின் கிளையோ மேலடுக்குகளிலேயே தோன்றுவதால் புறத்தோன்றி, அதாவது எக்ஸோஜீனஸ். இங்கே 'புறம்' என்பது செடிக்கு வெளியே அன்று, செடியின் மேற்பரப்பை ஒட்டிய திசு. 1813-இல் தாவரவியலார் டி கண்டோல் இருவித்திலைத் தாவரங்களுக்கு இதே கிரேக்கச் சொல்வேரிலிருந்து பெயரிட்டார், தண்டு வெளிப்பக்கமாகப் பருக்கிறது என்ற எண்ணத்தில். ஒருவித்திலைகள் உட்பக்கமாக வளர்கின்றன என்ற அவருடைய மறுபாதிக் கருத்து பின்னர் பிழையென்று தள்ளப்பட்டது. புவியியலாரும் காற்றும் ஆறும் நிலத்தை அரிப்பதைப் புறச்செயல்முறை என்கிறார்கள். அவர்களுக்குப் புறம் என்பது புவியின் மேற்பரப்பு.

எல்லைக்கோடு துறைக்குத் துறை இப்படி நகர்வதால் ஒரே தமிழ்ச் சொல்லை எங்கும் பொருத்த முயல வேண்டாம். உன் நூலில் 'வெளியிலிருந்து செலுத்தப்பட்ட இன்சுலின்', 'உணவுவழி வந்த கொலஸ்டிரால்' என்று வழியைச் சொல்லியே எழுது. கொஞ்சம் நீளும்தான், ஆனால் யாரும் தடுமாற மாட்டார்கள். 'அயல்' என்பதை உடலில் இயல்பாக இல்லாத மருந்துக்கும் நஞ்சுக்கும் ஒதுக்கி வை.

முதல் இரண்டு இயல்களை அனுப்பு. ஐயமான இடங்களில் பென்சிலால் கோடிட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
சிதம்பரம்