இழுவைக்கேற்ற ஆக்ஸில் விகிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

டிரெய்லர் இழுப்பதற்காக டிரக் வாங்குவோர் எஞ்சினின் குதிரைத்திறனை விசாரிக்கும் அளவுக்குப் பின் ஆக்ஸிலின், அதாவது பின் சக்கரங்களைச் சுழற்றும் அச்சின், பல்சக்கர விகிதத்தை விசாரிப்பதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

ஆக்ஸிலுக்குள் இருக்கும் பினியன் என்ற சிறிய பல்சக்கரத்தில் 10 பற்களும், அது சுழற்றும் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தில் 41 பற்களும் இருந்தால் விகிதம் 4.10, அதாவது, சக்கரம் ஒருமுறை சுழல, கியர்பாக்ஸிலிருந்து ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் 4.10 முறை சுழல வேண்டும். விகிதம் 3.55 ஆக உள்ள வண்டியோடு ஒப்பிட்டால், அதே எஞ்சினில், அதே கியரில், சக்கரத்துக்குக் கிடைக்கும் முறுக்குவிசை ஏறத்தாழ 15 சதவீதம் கூடும். அதே வேகத்தில் எஞ்சினின் சுழற்சியும் அந்த அளவுக்குக் கூடும் என்பதால், சுமையின்றி ஓடும் நாட்களில் எரிபொருள் சற்று அதிகம் செலவாகும். ஏற்றத்தில் கியர்பாக்ஸ் மேல் கியருக்கும் கீழ் கியருக்கும் மாறி மாறித் தாவிச் சூடேறுவதைக் கண்டவர்கள் அந்தச் செலவைப் பெரிதாக எண்ணமாட்டார்கள்.

பலரும் கவனிக்கத் தவறுவது டயரை. 30 அங்குல விட்டமுள்ள டயரைக் கழற்றிவிட்டு 33 அங்குல டயரைப் பூட்டினால், 4.10 விகிதம் ஏறக்குறைய 3.73 போலத்தான் வேலை செய்யும்; தோற்றத்துக்காக டயரை மாற்றிவிட்டு, இழுவை குறைந்துவிட்டதென எஞ்சினைக் குறை சொல்வது நியாயமன்று. எட்டு, பத்து கியர்கள் கொண்ட புதிய வண்டிகளில் இந்த வேறுபாடு அவ்வளவு உறைக்காது என்பதும் உண்மையே.

நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில் பின் ஆக்ஸிலின் விகிதத்தை மாற்றினால், முன் ஆக்ஸிலின் விகிதத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். விகிதத்தைக் கூட்டுவதால் பிரேக்கோ சேஸிஸோ வலுப்பெறுவதில்லை. ஆகவே, தயாரிப்பாளரின் கையேட்டில் எந்த விகிதத்துக்கு எவ்வளவு இழுவை எடை குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுப்பது நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்