ஆண்டறிக்கை 2024–25: கல்விக் குழுவின் பணி

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், மழையிலும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கல்விக் குழுவைப் பற்றி மட்டும் சற்று நீட்டிப் பேச அனுமதி வேண்டுகிறேன்.

மேரிலாந்தில் வாழும் நம்மில் பலருக்குச் சோறு போடுவது கணினிப் பாதுகாப்புத் தொழில். அமெரிக்காவின் மின்னணு உளவு அமைப்பான தேசியப் பாதுகாப்பு முகமை (NSA) இருக்கும் ஃபோர்ட் மீடும் இங்கேதான். கறுப்பின மாணவர்களுக்கென்று எழுந்த மோர்கன் ஸ்டேட், போவி ஸ்டேட் பல்கலைக்கழகங்களும் இங்கேதான். "இத்தனை ஆண்டுகளில் அப்படிப்பட்ட கல்லூரி ஒன்றின் வாசலையாவது மிதித்தோமா?" என்று சென்ற பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். அத்தகைய கல்லூரிகளின் கணினிப் பாதுகாப்புக் கல்விக்குக் கைகொடுக்கும் நம் வேலை அங்கே தொடங்கியது.

இந்த வேலை ஏன் தேவை என்பதற்கு, இல்லினாயில் 1865இல் தொடங்கிய லிங்கன் கல்லூரி 2022 மே மாதம் மூடப்பட்டதை நினைவூட்டுகிறேன். கறுப்பின மாணவர்கள் மிகுந்த அந்தக் கல்லூரி பெருந்தொற்றில் ஏற்கெனவே தள்ளாடியது. 2021 டிசம்பரில் கணினிகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் தாக்குதல் வந்து, மாணவர் சேர்க்கைத் தரவுகளையும் முடக்கியது.

அரசு பணமே தருவதில்லை என்று சொல்ல முடியாது. 2015இல் நார்ஃபோக் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் தலைமையில் 13 கறுப்பினக் கல்லூரிகள் அடங்கிய கூட்டமைப்புக்குக் கணினிப் பாதுகாப்புக் கல்விக்காக 2.5 கோடி டாலர் அறிவித்தார்கள். ஆனால் கணினிப் பாதுகாப்புக் கல்விக்காகத் தேசியப் பாதுகாப்பு முகமை தரும் 'சிறப்பு மையம்' என்ற தகுதியைப் பெற, பாடத்திட்டத்தை வரிவரியாக அறிவு அலகுகளோடு, அதாவது கற்பிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலோடு, பொருத்திக் காட்ட வேண்டும். நான்கு வகுப்புகளைத் தனியாளாக நடத்தும் பேராசிரியர் அந்தக் கோப்பை எந்த இரவில் எழுதுவார்?

நாங்கள் முதலில் இங்குள்ள அத்தகைய கல்லூரி ஒன்றில் சொற்பொழிவுகள் வைத்தோம். கைதட்டலும் மிச்சமான பீட்சாவுமே பலன். "பேச ஆள் போதும், ஆய்வகம் அமைக்க ஆள் வேண்டும்" என்று அங்குள்ள பேராசிரியர் ஒருவர் நயமாகச் சொன்னார். அதன்பின் நம் உறுப்பினர் இருவர் சனிக்கிழமைதோறும் போய், மாணவர்கள் தாக்கிப் பழகுவதற்காக வேண்டுமென்றே ஓட்டைகளை விட்டுவைத்த மெய்நிகர் கணினிகளை, கல்லூரி வலையமைப்போடு ஒட்டாமல் தனியே நிறுவிக் கொடுத்தார்கள். பழைய சர்வரைக் காரில் ஏற்றிக்கொண்டு போன கதையைத் தேநீர் இடைவேளையில் அவர்களிடமே கேளுங்கள்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். மாணவர்களுக்கு வழிகாட்டிகளாகப் பெயர் கொடுத்தவர்களில் பலரை இரண்டாம் மாதத்திலிருந்து காணவில்லை. அவர்களில் நானும் ஒருவன்.

அடுத்த ஆண்டு சொற்பொழிவுக்கான தொகையை நிறுத்தி, தகுதிக் கோப்பு எழுதும் பேராசிரியருக்குத் துணையாக இரண்டு உறுப்பினர்களை ஒதுக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. அத்தீர்மானத்தோடு இவ்வறிக்கையையும் ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்